சுவருக்கு வந்த சித்திரம்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் சொல்லிப்போன பழமொழி. உடம்பைப் பேணாமல் பொருள் தேடி அலைபவனைக் கண்டால் இதனைச் சொல்லுவது வழக்கம். சுவர் என்பது உடம்பு, சித்திரம் என்பது வாழ்வில் அடையும் பேறு என்று பொருள் விரித்துப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆனால் அப்பழமொழிக்குச் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொள்ள வேண்டிய காலமும் வந்துவிட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் தொலைக்காட்சி, பெட்டி என்ற பெயரை இன்னும் விடவில்லையே தவிர, உண்மையில் அது சட்டமிட்ட ஒரு படம். அது மேசையைக் கேட்பதில்லை, சுவரைக் கேட்கிறது. சென்ற மாதம் கினிகத்தேனையிலுள்ள எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குத் தகுந்த சுவரைத் தேடப் புகுந்தபோதுதான், மலைநாட்டில் வாழும் எங்களுக்குச் சுவர் என்பது எத்துணை பெரிய சொல் என்பது புலனாயிற்று.

பழைய பெட்டிக்கு வயிறு பெரிது. அது வீண் பருமனன்று. அதற்கு ஓர் அவசியம் இருந்தது. 1897ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் கார்ல் பெர்டினன்ட் பிரவுண் ஆக்கிய கதிர்க் குழாயே அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூதாதை. குழாயின் பின்முனையிலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, முன்னேயுள்ள கண்ணாடியில் மூலைக்கு மூலை ஓடிப் படம் வரைய வேண்டும். வளைந்து ஓட அதற்கு இடம் தேவை. கண்ணாடி அகல அகல, பின்புறமும் நீண்டுகொண்டே போயிற்று. 21 அங்குலப் பெட்டி என்றால் இரண்டு ஆடவர் மூச்சுப் பிடித்துத் தூக்கும் பாரம். ஆகவே வீட்டில் அதற்கென ஒரு மேசை, மேசைமேல் பூவேலை செய்த துணி, பெட்டியின் தலையில் பிளாஸ்டிக் பூச்சாடி என்று ஒரு சிறு சமஸ்தானமே உருவாயிற்று. ஆயுத பூசையன்று அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம்.

அந்த வயிற்றைக் கரைக்க வழி கண்டவர்கள் அமெரிக்காவின் இலினொய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லொட்டோ, ரொபர்ட் வில்சன் என்னும் மூவர். கணினியின் வாயிலாக மாணாக்கர்க்குப் பாடம் கற்பிக்கும் முயற்சியொன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு நல்ல திரை வேண்டியிருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வாயுவை அடைத்து, மின்சாரத்தால் அதனைப் புள்ளி புள்ளியாக ஒளிரச் செய்யும் தட்டைத் திரையை 1964ஆம் ஆண்டில் அவர்கள் ஆக்கினார்கள். குழாயும் இல்லை, கழுத்தும் இல்லை. இன்று நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு முறையில், திரவப் பளிங்கினால் இயங்கும் திரை. எனினும், தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டலாம் என்ற கனவு கைக்கெட்டும் தூரத்துக்கு வரத் தொடங்கியது அந்நாளில்தான். வகுப்பறைக்காகப் பிறந்த பொருள் அது என்பதில், ஆசிரியத் தொழில் புரியும் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

நிற்க. அதே 1964ஆம் ஆண்டு, ஒக்டோபர் 30ஆம் நாள், புதுடில்லியில் வேறொரு காரியம் நடந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் நாடற்றவராய் நின்றோர் தொகை ஏறத்தாழ 975,000. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது அன்றைய முடிவு. அந்த எச்சமும் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. கண்ணாடித் தகட்டில் படம் காட்டும் வித்தையை உலகின் ஒரு மூலை கற்றுக்கொண்டிருந்த வேளையில், எங்கள் பாட்டன்மார், தாம் இனி எந்தத் தேசத்துச் சுவருக்குள் படுத்துறங்கப் போகிறோம் என்று அறியாமல், மூட்டை கட்டுவதா அவிழ்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். இவ்விரு செய்திகளையும் ஒரே நூலில் கோப்பது தகுமா என்று வாசகர்கள் ஐயுறலாம். கோக்கும் நூல் சுவர்தான்.

தோட்டத்து லயன்களை நேரிற் பார்த்திராதவர்களுக்காகச் சில சொற்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான காம்பிராக்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நீண்ட கட்டடமே லயன். முன்னால் ஓர் இஸ்தோப்பு. மேலே தகரக் கூரை. சில லயன்களில் காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியும் நிற்கும். ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டு, நூறாண்டு கடந்தும் குடியிருப்பாக இருப்பவை பல. கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர்களை அவற்றில் இன்றும் காணலாம். அங்கே ஒரு சுவர் ஒரு குடும்பத்துக்கு உரியதன்று. இந்தப் பக்கம் எங்கள் சுவர். அந்தப் பக்கம் அடுத்த வீட்டாரின் சுவர். இரண்டு பக்கமும் தோட்டத்தின் சுவர். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டு அடுப்பில் மண் உதிரும்.

ஆயினும் அந்தச் சுவர்கள் வெறுமையாய் இருந்ததில்லை. ஈரத்தை மறைப்பதற்கும் மண் உதிராமல் காப்பதற்கும் கோதுமை மாவிலே பசை காய்ச்சிப் பத்திரிகைத் தாள்களை ஒட்டுவார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பாதி பள்ளிக்கூடத்தில். மீதி அந்தச் சுவரில். தலைகீழாய் ஒட்டப்பட்ட ஒரு தாளைப் படிப்பதற்காகக் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டுக் கிடந்ததும் உண்டு. கதையின் முற்பகுதி சுவரில் இருக்கும். அதன் தொடர்ச்சி சீனி சுற்றிவந்த தாளோடு அடுப்புக்குப் போயிருக்கும். பத்திரிகைக்கு மேலே முருகனும் இலக்குமியும், அவர்களுக்குப் பக்கத்தில் காந்தியடிகள், நேரு, சௌமியமூர்த்தி தொண்டமான், 1917இல் இலங்கையிலே பிறந்து தமிழகத்தை ஆண்ட எம். ஜி. ஆர். இத்தனை பேரும் எங்கள் காம்பிராவில் தொங்கியது ஆணியிலன்று. கூரைமரத்திலிருந்து இறக்கிய கயிற்றில். சுவர் ஆணியைத் தாங்காது என்பது ஒரு காரணம். சுவரிலே கை வைப்பதற்குத் தோட்டத்தைக் கேட்க வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

தொலைக்காட்சி அந்தச் சுவர்களுக்குள் மெல்ல மெல்லத்தான் நுழைந்தது. 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி இந்நாட்டில் ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தது. 1982 பெப்ரவரி 15ஆம் நாள், ஜப்பானின் உதவியோடு ரூபவாகினி தோன்றியது. 2,524 மீற்றர் உயரமுள்ள, நாட்டிலேயே மிக உயர்ந்த பீதுருதாலகாலை மலையின் உச்சியில் அதற்கு ஒளிபரப்பு நிலையம் அமைந்தது. தொலைக்காட்சி அலைகள் நேர்கோட்டில் செல்பவை. நடுவே மலை நின்றால் படம் மங்கிவிடும். துரை பங்களா மேட்டில் இருந்தது. எங்கள் லயன் பள்ளத்தில் இருந்தது. ஆதலால் மூங்கிற் கம்பத்தில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் அதனைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று, "இப்ப தெரியுது... ஐயோ, போச்சு!" என்று தூதுரைக்க, உள்ளே இருபது முப்பது பேர் தரையில் நெருங்கியிருந்து, திரையில் எறும்பு ஊர்வதுபோன்ற புள்ளிகளுக்கிடையே கதாநாயகியைத் தேடுவோம்.

படத்தைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். இதனை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுவதுண்டு. கினிகத்தேனையைச் சுற்றியுள்ள பிரதேசம் நாட்டுக்கே ஒளி கொடுத்த பிரதேசம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பாய்ந்து விழும் இம்மலைகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவர் பெயரையே தாங்கிய நிலையம் 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்தது. எங்கள் தலைக்கு மேலே கம்பி வழியாக மின்சாரம் கொழும்புக்குப் போயிற்று. கீழே லயனில் நாங்கள் குப்பி விளக்கை ஏற்றிவைத்து, மோட்டார் வண்டிப் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கிக்கொண்டிருந்தோம். பற்றரி ஓய்ந்தால் அதனைச் சாக்கில் கட்டித் தோளிலே சுமந்து பட்டணத்துக்குச் சென்று, காசு கொடுத்து உயிரேற்றிக் கொண்டுவர வேண்டும்.

1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்த ஆட்டம். இலங்கை வெல்லப் போகிறது என்று லயன் முழுவதும் மூச்சை அடக்கியிருந்த நேரத்தில் எங்கள் பற்றரி உயிர்விட்டது. அடுத்த நொடியில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "எங்க வீட்டுப் பற்றரியத் தாறோம், எங்களுக்கும் இடம் வச்சிருங்க!" என்றது. ஏழு விக்கெட்டுகளால் நாடு வென்ற செய்தியை நாங்கள் அறிந்தது அந்தப் பற்றரியினால்தான். பொதுச் சுவரால் விளைந்த நன்மைகளையும் மறைக்கலாகாது அல்லவா?

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். மேட்டை வெட்டிச் சமன்செய்த சிறிய நிலத்தில், வங்கிக் கடனில் எழுந்த வீடு. அதற்கு வந்த பெட்டி 43 அங்குலம். எடை எட்டுக் கிலோகிராமுக்குச் சற்று அதிகம். பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் பஞ்சு என்றே சொல்ல வேண்டும். சுவரில் நான்கு துளையிட வேண்டும் என்று நான் சொன்னவுடன் அம்மா திடுக்கிட்டார்.

"தம்பி, செவுத்துல ஓட்டை போடப் போறியா? யார்கிட்டக் கேட்ட?"

"யாரிடம் அம்மா கேட்க வேண்டும்? நம்முடைய வீடுதானே?"

அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆமா, நம்ம வீடுதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அறுபது ஆண்டுகள் லயனில் வாழ்ந்தவர் அவர். வீடு கட்டி ஐந்தாண்டுகள் சென்றும், எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். சுவாமி படங்கள் அலமாரித் தட்டில் இருந்தன. நாட்காட்டி சன்னல் கொளுவியில் தொங்கியது. காலமாகிவிட்ட அப்பாவின் படம் மட்டும், வீடு கட்டிய பாஸ் தாமாகவே பதித்துக்கொடுத்த ஒரு கொக்கியில், முன்னறையின் நல்ல சுவரில் இருந்தது.

சுவரைத் தேர்ந்தெடுப்பதில் வீட்டில் கட்சிகள் பிரிந்தன. மகன் தன் அறைச் சுவரை முன்மொழிந்தான், வழிமொழிவார் இல்லை. என் மனைவி, அடுக்களையில் நின்றபடி பார்க்கத் தக்க சுவர் வேண்டும் என்றார். சாம்பிராணிப் புகை படும் இடத்திலும், சுவாமிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டிய இடத்திலும் வைக்கலாகாது என்பது அம்மாவின் கட்டளை. மேட்டை வெட்டி எழுப்பிய பின்சுவரோ, மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டெம்பர் வரை கண்ணீர் வடிக்கும். அதிலே மின்சாரப் பொருளை மாட்டுவது அறிவுடைமையன்று. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பகலெல்லாம் திரையில் தெரிவது எங்கள் முற்றமாகத்தான் இருக்கும். இவ்வாறு ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு வந்தபோது, கடைசியில் எஞ்சியது அப்பாவின் படம் இருந்த சுவர்.

அதனைக் கூற எனக்கு நா எழவில்லை. வாழ்நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தியும் முள்ளுமாய் உழைத்து, தம்முடையது என்று சொல்ல ஒரு சுவரில்லாமல் மறைந்தவருக்கு, இறந்த பின்னர் வாய்த்த சுவர் அது. அதையும் பறிப்பதா? முடிவைச் சொன்னவர் அம்மாவே. "அவரைத் தூக்கி எதிர்த்த செவுத்துல மாட்டு. அவரும் பாக்கட்டும். பற்றரி தூக்கியே தோள் போனவரு" என்றார். இப்பொழுது அப்பா நேரெதிரே இருந்து செய்தியறிக்கை முதல் தொடர்நாடகம் வரை ஒன்றும் விடாமல் பார்க்கிறார்.

மறுநாள் பாஸ் வந்தார். வந்தவர் உடனே கருவி எதனையும் எடுக்கவில்லை. விரலை மடக்கிச் சுவரை மேலும் கீழுமாகத் தட்டி, வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோலக் காது கொடுத்துக் கேட்டார். "சேர், காரை பாரம் பிடிக்காது, கல்லுதான் பிடிக்கும்" என்றார். பதவுரை வேண்டாத வாக்கியம். மேலே பூசிய அரையங்குலக் காரை வெறும் சட்டை. துளை அதனையும் கடந்து செங்கல்லுக்குள் இரண்டங்குலமாவது இறங்க வேண்டும். இரு கற்களுக்கிடையேயுள்ள சாந்தில் துளை விழுந்தால் பிடிப்புக் குறையும். உள்ளே குழிவுள்ள சீமெந்துக் கல்லாயின் அதற்கேற்ற வேறு ஆணி வேண்டும். துளையிலுள்ள தூசியை ஊதி வெளியேற்றி, ரோல் பிளக் எனப்படும் பிளாஸ்டிக் உறையைச் செருகி, அதற்குள்ளே திருகாணியை முறுக்க வேண்டும். ஆணி உள்ளே போகப் போக உறை விரிந்து கல்லை இறுகப் பற்றிக்கொள்கிறது.

மின் சொருகிக்கும் ஆளிக்கும் நேர்மேலேயும் நேர்கீழேயும் துளையிடலாகாது. அங்கேதான் சுவருக்குள் மின்கம்பி ஓடும். பெட்டியின் முதுகிலுள்ள நான்கு துளைகளுக்கும் உலகெங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவற்றின் இடைவெளி 100, 200, 400 மில்லிமீற்றர் என்பன போன்ற கணக்கில் அமைந்திருக்கும். 'வேசா' அளவு என்பது அதன் பெயர். அதனை அளந்துகொண்டு இரும்புத் தாங்கியை வாங்கினால் அலைச்சல் மிச்சம். கைபோல் நீண்டு மடங்கும் தாங்கி பார்வைக்கு வசதியானது. ஆனால் சுவரோடு ஒட்டியிருக்கும்போது கீழ்நோக்கி மட்டும் இழுக்கும் பெட்டி, கை நீண்டவுடன் மேலேயுள்ள ஆணியைப் பிடுங்கவும் பார்க்கும். சுவரைப் பற்றி ஐயமிருப்பவர்கள் கையில்லாத தாங்கியையே வாங்குதல் நலம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். தேநீர்க் கடையில் தொங்குவதுபோல முகட்டை ஒட்டி மாட்டிவிட்டு, பின்னர்க் கழுத்து நோவுக்குத் தைலம் தேய்ப்பவர்கள் பலர். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே படத்தின் நடுப்பாகம் வர வேண்டும்; தரையிலிருந்து மூன்றரை அடி அளவு போதும். இன்னொன்று, எங்கள் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடியும் மின்னலும் கடுமையாயிருக்கும். அப்பொழுது ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. மின் சொருகியையும் அன்டனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். சுவரில் மாட்டிய பிறகு கை எட்டாத இடத்தில் இவை இருந்தால் யாரும் கழற்றமாட்டார்கள். ஆதலால் அவற்றைக் கை எட்டும் இடத்தில் அமைக்கும்படி பாஸ் வற்புறுத்தினார்.

எங்கள் வீட்டுச் சித்திரம் சுவரேறிய செய்தி சின்னம்மாவின் காதுக்கு எட்டியது. அம்மாவின் தங்கையாகிய அவர், அடுத்த தோட்டத்தில் இன்னும் லயனில்தான் இருக்கிறார். அவரும் தவணைக் கட்டணத்தில் 32 அங்குலப் பெட்டியொன்று வாங்கியிருந்தார். கடைக்காரர் இரும்புத் தாங்கியையும் இனாமாகக் கொடுத்துவிட்டார். "எங்க வீட்டுலயும் அப்படியே மாட்டித் தா, தம்பி" என்று அவர் கேட்டபோது, பாஸை அழைத்துக்கொண்டு சென்றேன்.

பாஸ் முன்போலவே விரலை மடக்கித் தட்டினார். இம்முறை ஒலி வேறாயிருந்தது. ஊறிய பலகையைத் தட்டினாற்போல ஒரு மந்தமான ஒலி. ஆணி முனையால் மெல்லக் கீறினார். சுண்ணாம்புப் பொருக்கு விழுந்தது. பின்னே பழைய பத்திரிகைத் தாளொன்று எட்டிப் பார்த்தது. அதன் பின்னே ஈர மண் பொலபொலவென்று கொட்டியது. உடனே சுவருக்கு அப்பாலிருந்து, "யாரு அது? எங்க வீட்டுச் செவுத்த என்னா செய்யிறீங்க?" என்ற குரல் வந்தது. பாஸ் கருவிகளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "அம்மா, இந்தச் செவுரு தன்னைத் தாங்கிக்கிட்டு நிக்கிறதே பெரிசு. இதுல இன்னொரு பாரம் வேணாம்" என்றார்.

சின்னம்மா வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அகன்று தாழ்ந்த மேசையொன்றைச் சுவரோரம் போட்டு, பெட்டியை அதில் நிறுத்தி, அதன் முதுகிலிருந்து ஒரு வார்ப்பட்டையை மேசையின் பின்சட்டத்தோடு இழுத்துக் கட்டினார் பாஸ். தட்டைப் பெட்டிக்கு அடிப்பாகம் ஒடுக்கம். குழந்தைகள் பிடித்து இழுத்தால் முன்னே கவிழ்ந்து மேலே விழும். பேரப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அந்த வார் இன்றியமையாதது. சுவர் இல்லாதவர்கள் செய்யத்தக்கது இன்றைக்கு இவ்வளவே.

தொலைக்காட்சி செய்பவர்கள், உலகத்தில் எல்லாருக்கும் ஒரு சுவர் இருக்கிறது என்று எண்ணித்தான் செய்கிறார்கள் போலும். மலைநாட்டில் பெட்டி வந்துவிட்டது, கூரைமேல் வட்டத் தட்டும் வந்துவிட்டது, சுவர் வரவில்லை. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டு நிறைவை 2023இல் நினைவு கூர்ந்தோம். இரு நூற்றாண்டு உழைப்புக்குப் பின்னும் மிகப் பலர், ஆணி அடிக்க அனுமதி கேட்கும் காம்பிராக்களிலேயே இருக்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லுவதும் நீதியன்று. இந்தியாவின் நன்கொடையில் தோட்டப் பகுதிகளுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட் வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு என்பது திட்டம். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. பெரிய இடமன்று, ஆனால் அதன் நான்கு எல்லைக்குள் நிற்கும் சுவர் அடுத்த வீட்டாருடையதுமன்று, தோட்டத்தினுடையதுமன்று.

அச்சுவருக்கு மூன்று காரியங்கள் வேண்டும். அதனைக் கட்டும் இடம் உறுதியாயிருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியதை மறந்தவர் எவர்? எனவே மண்ணை ஆராய்ந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சொற்கேட்டு நிலத்தைத் தெரிய வேண்டும். அடுத்து, வீட்டோடு உறுதிப்பத்திரமும் கைக்கு வர வேண்டும். பத்திரமில்லாத வீடு இன்னொரு காம்பிராதான். மூன்றாவது, கணவன் மனைவி இருவரின் பெயரும் அப்பத்திரத்தில் இருக்க வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்தவளுக்கும் சுவரில் பங்குண்டு.

இனாமாக வந்த இரும்புத் தாங்கியைச் சின்னம்மா திருப்பிக் கொடுக்கவில்லை, விற்கவும் இல்லை. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, நான்கு ரோல் பிளக்குகளோடு தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைப் பத்திரம், பேரப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள் ஆகியவற்றோடு அதுவும் இருக்கிறது. வீடு கிடைக்கும் நாளில் கூலி வாங்காமல் வந்து மாட்டித் தருவதாகப் பாஸ் சொல்லியிருக்கிறார். எனக்கும் பாஸுக்கும் வயதாகுமுன் அந்த நாள் வர வேண்டும் என்பதே சின்னம்மாவின் வேண்டுதல்.